வழியனுப்பியவரும் விடை சொல்பவரும்: நம் வட்டாரத்தில் பயண ஒருங்கிணைப்புத் தொழிலின் தொடக்கம்



பயண ஒருங்கிணைப்பாளர் என்னும் பணிப்பெயர் நமக்குப் புதிது, பணி பழையது. இன்று ஒரு சுற்றுலா நிறுவனத்தில் அப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் பயணம் போவதில்லை. மேசைமுன் அமர்ந்து, விமான நிறுவனம், விடுதி, பேருந்துக்காரர், உள்ளூர் வழிகாட்டி ஆகிய நால்வரையும் ஒரே அட்டவணையில் கோக்கிறார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவரை எவரும் நினைப்பதில்லை. நள்ளிரவில் அயலூர் விடுதி வாயிலில் நாற்பது பேர் அறையின்றி நிற்கும்போதுதான் அவர் எங்கே என்ற கேள்வி எழுகிறது. பணம் வாங்கியவர் ஒருவர், ஏற்றிச் செல்பவர் ஒருவர், இறங்கும் ஊரில் எதிர்கொள்பவர் ஒருவர் என்றால், இடைவழியில் நேரும் குறைக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் அக்கேள்வி கேளிக்கைப் பயணத்தில் எழவில்லை. ஹஜ்ஜுப் பயணத்தில் எழுந்தது. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் செங்கடல் வழியே மிகுதியாகச் செல்லத் தொடங்கின. பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கில் நீண்ட பயணம் வாரக் கணக்கில் சுருங்கியது. தீபகற்பத்து மலாய்க்காரர்கள் மட்டுமின்றி, சாவகம், சுமத்திரா, போர்னியோ தீவுகளின் மக்களும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்து கப்பலேறினர். டச்சு அரசு 1859ஆம் ஆண்டிலேயே தன் குடிகளின் ஹஜ்ஜுப் பயணத்துக்குக் கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. புறப்படுமுன் பண வசதியை மெய்ப்பிக்க வேண்டும். திரும்பி வந்தபின் தேர்வு ஒன்றுக்கும் உட்பட வேண்டும். சிங்கப்பூரில் இத்தகைய கெடுபிடி இல்லை. ஆகவே பலர் இங்கு வந்து, கூலி வேலை செய்து கப்பற்கூலி சேர்த்து, அதன்பின் புறப்பட்டனர். சேர்க்க இயலாமல் இங்கிருந்தே ஊர் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை ‘ஹாஜி சிங்கப்பூரா’ என்று ஊரார் கேலி செய்தனர். அந்தச் சொல்லில் இருப்பது நகைச்சுவை மட்டுமன்று. ஓர் ஏழையின் பல ஆண்டு உழைப்பு வழியிலேயே கரைந்த கதையும் அதில் இருக்கிறது.

சிங்கப்பூரின் கம்போங் கிளாமில் புசோரா ஸ்திரீட் பகுதியும், பினாங்கின் லெபோ ஆச்சேயும் இப்பயணிகளால் நிறைந்தன. பயணக் காலம் வந்தால் அங்குள்ள கடைவீடுகள் தங்குமிடங்களாகும். இவற்றை நடத்தியவர்களோடு தொடர்புடையவர் ‘ஷேக் ஹாஜி’ எனப்பட்ட இடைத்தரகர். மக்காவில் பயணிகளை வழிநடத்தும் ‘முத்தவ்விஃப்’ ஒருவரின் ஆளாக அவர் கம்போங்குதோறும் சென்று ஆள் சேர்ப்பார், கப்பற்சீட்டு எடுத்துத் தருவார், தங்க வைப்பார், பயணத்துக்கு வேண்டிய துணியும் பாயும் அரிசியும் எங்கே வாங்கலாம் எனக் காட்டுவார், ஜித்தாவில் யாரிடம் ஒப்படைக்கப்படுவார்கள் என்பதையும் சொல்லி அனுப்புவார். இன்றைய ஒருங்கிணைப்பாளரின் பணிகளில் பெரும்பாலானவற்றை அவர் செய்தார் என்றே நான் கருதுகிறேன். அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: தவறு நேர்ந்தால் அவரைப் பொறுப்பாக்கும் எழுத்து. அவர் நல்லவராயின் பயணி பிழைத்தார், அல்லராயின் இல்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரிதென்பதை 1880ஆம் ஆண்டு காட்டியது. ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல் அவ்வாண்டு ஜூலை 17ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கில் மேலும் ஆள் ஏற்றிக்கொண்டு, ஜித்தா துறைமுகம் நோக்கிச் சென்றது. அது சிங்கப்பூரின் செல்வாக்கு மிக்க அல்சகாஃப் குடும்பத்தினருடையது. பயணிகள் ஏறத்தாழ 950 பேர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். ஆப்பிரிக்கக் கொம்பு முனைக்கு அருகே கடுங்காற்றில் கொதிகலன்கள் தம் இருக்கையிலிருந்து அசைந்தன, குழாய்கள் உடைந்தன, கப்பலுக்குள் நீர் ஏறியது. பயணிகள் நாட்கணக்கில் வாளிகளால் நீரிறைத்துக்கொண்டிருந்தனர். ஆகஸ்ட் 8ஆம் நாள், தலைவர் கிளார்க் தம் மனைவியோடும் தலைமை அதிகாரி முதலானோரோடும் படகில் இறங்கிக் கப்பலைக் கைவிட்டார். வேறொரு கப்பல் அவர்களை மீட்டு ஏடனில் இறக்கியது. ‘ஜித்தா’ மூழ்கிவிட்டது, அனைவரும் மாண்டனர் என்று அங்கு அவர்கள் அறிவித்தனர். செய்தி தந்தியில் உலகெங்கும் பறந்தது.

மறுநாள், மூழ்கியதாகச் சொல்லப்பட்ட கப்பல் ஏடன் துறைமுகத்துக்குள் வந்தது. ‘ஆன்டெனர்’ என்னும் கப்பல் அதை இழுத்து வந்திருந்தது. அதன் அதிகாரி ஒருவர் ‘ஜித்தா’வில் ஏறி, பயணிகளின் துணையோடு நீரை இறைத்து அதைக் காத்தார். ஆயிரத்துக்குச் சற்றே குறைந்த அந்த மக்கள் உயிரோடு வந்து சேராதிருந்தால், கைவிட்டவர்களின் கூற்றே வரலாறாகியிருக்கும். ஏடனில் நடந்த விசாரணை கிளார்க்கின் சான்றிதழை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது, அவ்வளவே. தலைமை அதிகாரி வில்லியம்ஸ் பிற்காலத்தில் சிங்கப்பூரிலேயே கப்பற்பொருள் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராய் வாழ்ந்தார். ஜோசப் கான்ராட் 1900ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ‘லார்ட் ஜிம்’ புதினம் இந்நிகழ்ச்சியிலிருந்தே பிறந்தது. அப்புதினம் தப்பியோடிய அதிகாரியின் மனச்சான்றை நுணுகி ஆராய்கிறது. நீரிறைத்த பயணிகளின் பெயர்கள் அதில் இல்லை. மாணவர்கள் அதைப் படிக்கும்போது இந்த இடைவெளியையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

கடலில் மட்டும் இடர் இருந்ததென எண்ணவேண்டா. மக்காவில் கையிருப்புத் தீர்ந்து, திரும்பக் கப்பற்கூலி இல்லாமல் நின்றவர்கள் கடனுக்கு ஈடாக உழைப்பை எழுதிக்கொடுத்தனர். ஜொகூரின் குக்குப் பகுதியில் அல்சகாஃப் குடும்பத்தினருக்கு இருந்த தோட்டத்துக்கு இவ்வாறு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் உண்டு. பின்னாளில், 1912ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் மதரசா நிறுவி அறம் வளர்த்ததும் அதே குடும்பந்தான். இரண்டும் உண்மையே, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தல் வரலாறாகாது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இத்தொழில் வேறொரு வடிவம் பெற்றிருந்தது. மது ஒழிப்பு இயக்கத்தவராகிய தாமஸ் குக், 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். பின்னர் ஸ்காட்லாந்து, சுவிட்சர்லாந்து, எகிப்து என விரிந்த அவரது நிறுவனம் கண்ட புதுமை ரயிலோ கப்பலோ அன்று, காகிதம். முன்பணம் செலுத்திய பயணி, குறித்த விடுதியில் ஒரு சீட்டைக் கொடுத்தால் அறையும் உணவும் கிடைக்கும். 1868ஆம் ஆண்டில் வந்த அவ்விடுதிச் சீட்டும், அதன்பின் வந்த சுற்றுப்பயணப் பணத்தாளும், ஊர் அறியாத ஒருவரின் வாக்கை அந்நிய ஊரில் செல்லுபடியாக்கின. இன்றும் நம் ஒருங்கிணைப்பாளர்கள் அனுப்பும் உறுதிச்சீட்டு அதன் வழிவந்ததே.

அந்தக் காகிதம் ஹஜ்ஜுப் பயணத்துக்கும் பயன்படுமா? 1886ஆம் ஆண்டில் இந்திய அரசு, பம்பாய் வழிச் செல்லும் பயணிகளின் ஏற்பாட்டை குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அப்போது நிறுவனத்தை நடத்தியவர் தாமஸ் குக்கின் மகன் ஜான் மேசன் குக். உள்நாட்டு ரயில் நிலையத்தில் வாங்கும் ஒரே சீட்டில் ஜித்தா வரை செல்லலாம் என்பது திட்டம். நோக்கம் நன்று. ஆனால் பழைய தரகர்கள் மறையவில்லை. கப்பல் உரிமையாளர்களின் போட்டியும் தணியவில்லை. நிறுவனத்துக்கு இழப்பே மிஞ்சியது. 1893ஆம் ஆண்டில் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இழப்பு ஒருபுறமிருக்க, அடிப்படையான தடை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. முஸ்லிமல்லாதார் மக்காவுக்குள் நுழைய இயலாது. குக் நிறுவனத்தின் வாக்கு ஜித்தாக் கரையோடு நின்றது. பயணியின் துன்பமோ பல வேளைகளில் அக்கரையில்தான் தொடங்கியது.

மலாயாவில் அக்கரைக்கு ஆள் அனுப்பும் முயற்சி 1920களில் நடந்தது. மலாய்ப் பள்ளிகளின் துணை ஆய்வாளராக விளங்கிய ஹாஜி அப்துல் மஜித் பின் ஜைனுதீன், மலாயாப் பயணிகளின் நலன் காக்கும் அதிகாரியாக ஜித்தாவுக்கு அனுப்பப்பட்டார். பயணப் பருவந்தோறும் அங்கிருந்து பணி செய்தார். தம் அனுபவத்தை 1926ஆம் ஆண்டில் கட்டுரையாகவும் எழுதினார். ஓர் ஆசிரியர் இப்பதவிக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்து, எண்ணிக்கை குறைந்தால் உடனே தேடத் தொடங்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தாருக்கு நன்கு வாய்த்தது என்பதை இந்த அவையில் சொல்லத் தயங்கவில்லை.

எஞ்சியிருந்தது பணச் சிக்கல். கம்போங்கு மக்கள் வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாமல், காசை வீட்டில் ஒளித்துவைத்தும், நிலத்தையும் மாட்டையும் விற்றும் பயணம் போயினர். திரும்பியபின் உழுவதற்கு நிலமில்லை. இதைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், வட்டியில்லாச் சேமிப்பு அமைப்பு ஒன்றை 1959ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அதன் பயனாக உருவான ஹஜ்ஜுச் சேமிப்புக் கழகம் 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் செயல்படத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட தொகை 46,600 வெள்ளி. பணத்தைக் காப்பது அக்கழகத்தின் பணி. பயண ஏற்பாடு பினாங்கில் இயங்கிய அரசின் ஹஜ்ஜு விவகார அலுவலகத்திடம் இருந்தது. 1969ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாயின. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. சீட்டுக்கு முன்னரே சேமிப்பையும், கப்பலுக்குப் பின்னரும் தங்குமிடத்தையும் மருத்துவத்தையும் ஒரே அமைப்பு ஏற்றுக்கொண்டது.

பின்னர் விமானங்கள் வந்தன, கப்பற்பயணம் நின்றது. லெபோ ஆச்சேயின் ஷேக்குகளுக்கும் வேலை குறைந்தது. 1841இல் தொடங்கிய குக் நிறுவனமோ 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நொடித்து வீழ்ந்தது. அன்று வெளிநாடுகளில் இருந்த பிரிட்டன் பயணிகள் மட்டுமே ஏறத்தாழ 1,50,000 பேர். அவர்கள் கையிலிருந்த சீட்டுகளுக்கு விடை சொல்ல நிறுவனம் இல்லை. அரசு விமானங்களை அமர்த்தி அவர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.