செருப்பணியவும் சாசனம்!

செருப்பு அணிந்து வெளியே செல்லலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். மணவீட்டிலும் பிணவீட்டிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம் — இப்படி ஓர் அரசன் ஆணை பிறப்பித்தான். எங்கே? நம் கொங்கு நாட்டிலே! யாருக்கு? உளி பிடித்துச் சிலை வடித்த, உலை ஊதிக் கொழு அடித்த, பொன்னை உருக்கிப் பூண் செய்து பிறர் கழுத்திலே பூட்டி மகிழ்ந்த கம்மாளருக்கு! கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயருடன் கொங்குச் சோழன் விடுத்த அந்த ஆணை, கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. பேரூரிலும் அத்தகையதொரு கல்வெட்டு உண்டு. காலம் 13-ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிடுகின்றனர் ஆய்வாளர்.

கோயிலைக் கட்டிய கைக்குக் காலில் செருப்பணிய அரசாணை தேவைப்பட்டது! அந்த ஆணையைக் கல்லிலே வெட்டிய உளியும் ஒரு கம்மாளன் உளியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தன் உரிமையைத் தானே செதுக்கிய அந்த நேரத்தில் அவன் நெஞ்சிலே என்ன ஓடியதோ, அதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை அந்தக் கல் சொல்கிறது. வாய்ச்சொல்லாக மட்டும் இருந்திருந்தால், அரசன் தலை மறைந்ததும் ஊர்ப் பெரியதனம் அந்த ஆணையை மறந்திருக்கும் — மறந்ததாக நடித்திருக்கும்! வல்லவனுக்கு ஏடு எதற்கு? அவன் வாய் அசைந்தால் ஊர் அசையும். "எனக்கு இது உண்டு" என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் எளியவனுக்குத்தான். ஆகவே அவனுக்குத்தான் எழுத்து வேண்டும். அந்த எழுத்தைக் கரையானும் கயவனும் தின்றுவிடாமல் காக்க ஓர் இடமும் வேண்டும். அரசு ஆவணக் காப்பகம் என்றவுடன் கொட்டாவி விடும் தோழர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

கல் பேசுகிறது, ஆனால் கல்லை எல்லோரும் படித்துவிட முடியாது. எனவே 1880-களிலிருந்து அரசின் கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகச் சென்று, ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, மை பூசிப் படியெடுத்தனர். அந்தப் படிகள் நெடுங்காலம் உதகையில் இருந்தன. 1966-ல் அலுவலகம் மைசூருக்குப் போயிற்று. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளும் உடன் போயின. நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம், தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தமிழ் தமிழ் என்று முழங்கிய நாம், அந்தத் தமிழ் எந்த ஊர் அலமாரியில் கிடக்கிறது என்று கேட்க எடுத்துக்கொண்ட காலம் அது.

இனி காகிதத்துக்கு வருவோம்.

சென்னை எழும்பூரிலே, 1909-ல் கட்டி முடிக்கப்பெற்ற செந்நிறக் கட்டடம் ஒன்று உண்டு. அன்றைக்கு அது சென்னை ஆவணக் களரி. இன்றைக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கும்பினியார் கோட்டையிலே எழுதிக் குவித்த ஏடுகள் 1670 முதல் அங்கே உள்ளன. டச்சுக்காரர் கொச்சியில் விட்டுச்சென்றவையும் உள்ளன. 1911-ல் காப்பாளராக அமர்ந்த ஹென்றி டாட்வெல், ஏடுகளை அடுக்கி வைத்ததோடு நில்லாமல், புதுவை ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் பதிப்பிக்கும் பணியையும் தொடர்ந்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. அரசின் செலவில்தான்! தமிழன் எழுதிய நாட்குறிப்பை ஆங்கிலேயன் அச்சேற்றிய பிறகே தமிழன் திரும்பிப் பார்த்தான் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

வெள்ளையன் ஏன் இத்தனை ஏடுகளைக் காத்தான்? நம்மீது கொண்ட காதலாலா? இல்லை, இல்லை! வரி வாங்க வேண்டும். எவனிடம் எவ்வளவு நிலம், எந்தக் கிணற்றில் எவ்வளவு நீர் என்று தெரிய வேண்டும். ஆதிக்கத்துக்காகவே எழுதினான். எனினும், எழுத்துக்கு ஒரு குணம் உண்டு: எழுதியவனுக்கும் அடங்காது!

நம் கோவையையே எடுத்துக்கொள்வோம். 1804-ல் கோவை மாவட்டத் தலைநகராயிற்று. அந்நாளைய கலெக்டர் வில்லியம் கேரோ. மாவட்டக் கருவூலப் பொறுப்பு காசிச் செட்டி என்பாரிடம். காக்க வேண்டிய கருவூலத்திலேயே கை வைத்தார் என்று புகார் எழுந்தது. 1816-ல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரணைக்கு அமர்த்தப்பட்டனர். பெருங்கையாடல் வெளிப்பட்டது. கலெக்டர் கண் எங்கே போயிற்று, அவரைத் தட்டிக்கேட்க வேண்டிய வருவாய் வாரியம் ஏன் உறங்கிற்று — இவையெல்லாம் அவர்களது ஏடுகளின் வாயிலாகவே இன்று நமக்குத் தெரிகின்றன. தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய அரசு, தனக்கு எதிரான சாட்சியையும் தானே பூட்டி வைத்தது!

அதே கேரோவுக்கு 1812-ல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர். மக்மகோன் என்ற உதவியாளருடன் தணாய்க்கன்கோட்டைக் கணவாய் வழியாக நீலமலை ஏறி, அங்கு கண்ட ஊர்களையும் மக்களையும் பயிர்களையும் விவரித்த கடிதம் அது. 1819-ல் சல்லிவன் உதகையைக் "கண்டுபிடித்தார்" என்று பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைகளிடம், ஏழாண்டுக்கு முந்திய இக்கடிதத்தைப் பற்றி நான் சொல்வதுண்டு. (மலையிலே காலங்காலமாக வாழ்ந்த தோதவரும் படகரும் இருளரும் கோத்தரும் குறும்பரும் யாராலும் கண்டுபிடிக்கப்படக் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான்!) தணாய்க்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. கல்லால் கட்டிய கோட்டை முழுகிற்று. காகிதத்தில் எழுதிய கடிதம், 1880-ல் வெளிவந்த நீலகிரி மாவட்டக் கையேட்டில் அச்சேறி நிற்கிறது.

1876-78 பஞ்சத்துக்கு வருவோம். கோவை மாவட்டம் தப்பவில்லை. 1871-ல் எடுத்த மக்கள் கணக்கைவிட 1881-ல் எடுத்த கணக்கு குறைந்திருந்தது. கல்லுடைத்து மண் சுமந்த ஏழைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார் சர் ரிச்சர்டு டெம்பிள். போதாது, இது சாகடிக்கும் கூலி என்று வாதாடினார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். அந்த வாதம் முழுவதும் ஏட்டில் இருக்கிறது. அரசுக்குத் தெரியாமல் மக்கள் மடிந்தனர் என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாதபடி இருக்கிறது! ஒரு குறை மட்டும் உண்டு: அந்த ஏடுகளில் உழவன் பேசவில்லை, உழவனைப் பற்றிப் பிறர் பேசிக்கொள்கிறார்கள். ஆவணத்தைப் படிப்போர் இந்த மௌனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கம்மாளருக்குக் கல்லில் கிடைத்த உரிமை, அவருக்கும் கீழே தள்ளப்பட்டோருக்கு எப்போது காகிதத்தில் வந்தது? இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பனகல் அரசர் ஆட்சியிலே 25-9-1924-ல் பிறந்தது 2660-ஆம் எண் ஆணை. பொதுத் தெருவில் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாம், பொது இடங்களுக்குச் செல்லலாம் — ஒடுக்கப்பட்டோரை எவரும் தடுக்கக்கூடாது! செருப்புக்கும் தெருவுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள். எந்தத் தெருவிலேனும் எவனேனும் "இது வழக்கமில்லை" என்று மறித்தால், வழக்கத்தை வீழ்த்தும் நாளும் எண்ணும் நம் கையிலே உண்டு.

நிலத்தின் கதை இதைவிட நெடியது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அம்மாவட்டத்துப் பறையர் வாழ்நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமதில்லாத அவலத்தை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892-ல் வந்தது 1010-ஆம் எண் வருவாய் ஆணை. அதைத் தொடர்ந்து ஒப்படைக்கப்பட்டவையே இன்று பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கத்தார் சொல்லும் கணக்கு. பிறர் கைக்கு மாறக்கூடாது என்பது நிபந்தனை. மாறிற்றா? ஊருக்கு ஊர் மாறிற்று! கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறிற்று. 1994 அக்டோபரில் காரணை என்ற ஊரிலே அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டவர்கள்மீது துப்பாக்கி பேசிற்று, இருவர் மாண்டனர். துப்பாக்கியின் முன்னே அவர்கள் நீட்டியது என்ன? வேலா, வாளா? நூறாண்டுப் பழமை கொண்ட ஓர் அரசாணையின் எண்ணும், நிலப் பதிவேட்டில் கிடந்த ஒரு சொல்லும்தான்!

அந்தப் பதிவேடு யாரிடம் இருந்தது என்பதையும் கேட்க வேண்டுமல்லவா? தலைமுறை தலைமுறையாக ஊர்க் கணக்கு, கர்ணத்தின் வீட்டுப் பெட்டியிலே இருந்தது. பரம்பரைப் பதவி, பரம்பரைப் பெட்டி. தன் நிலத்தின் எண்ணை அறிய உழவன் அந்தத் திண்ணையின் கீழே கைகட்டி நின்றான். சிலருக்குத் திண்ணைவரை செல்லவும் வழியில்லை. 14-11-1980-ல் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. வழக்குத் தொடுத்தார்கள், 1982-ல் உச்சநீதிமன்றம் ஒழிப்புச் செல்லும் என்றது. சாதி ஒழிப்பைப் பேசுவோர் அந்த நாளை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. என் கணக்கில் அது கோயில் நுழைவுக்கு இளைத்த நாளன்று — ஏட்டு நுழைவு நாள்!

பிரெஞ்சு மக்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். நிலப்பிரபுக்களின் உரிமைப் பத்திரங்களைத் தீயிலிடுமாறு 1793-ல் ஆணையிட்ட அதே புரட்சி, 1794-ல் தேசிய ஆவணங்களைக் குடிமக்கள் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டம் செய்தது. எதை எரிப்பது, எதைத் திறப்பது என்று மக்கள் நின்று யோசித்த காலம். 1981-ல் யாழ்ப்பாணத்தில் யோசனை இருந்தது, மக்கள் இல்லை. 97,000 நூல்கள் சாம்பலாயின. படியெடுக்காத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின.

நம் நாட்டுச் சட்டமோ வேடிக்கையானது. ஆவணங்களை அழிப்பதற்கான சட்டம் 1917-லேயே வந்துவிட்டது. காப்பதற்கான பொது ஆவணச் சட்டம் வந்தது 1993-ல்! எழுபத்தாறு ஆண்டுகள் அழிவு முந்திக்கொண்டது. அந்தப் புதிய சட்டம், 1892-க்கு முந்திய ஆவணத்தை, பயன்படவே படாத அளவு சிதைந்தாலன்றி, அழிக்கக்கூடாது என்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம் என்கிறது. நல்லது. ஆனால் அது மத்திய அரசின் அலுவலகங்களுக்கும் நேராட்சிப் பகுதிகளுக்கும் ஆன சட்டம். வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவறைக்குள் அது நுழையாது. ஏழையின் ஏடு கிடப்பதோ அங்கே!

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதையும் சொல்லலாம். எங்கள் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு ஓர் எளிய ஏடு; அட்டை கிழிந்திருக்கும். எனினும், இரண்டாம் வகுப்போடு நின்றுபோன முதியவர், ஓய்வூதியத்துக்கு வயதை மெய்ப்பிக்க வேண்டி அந்த ஏட்டைத் தேடித்தான் வருகிறார். பெற்றோருக்குத் தெரியாத பிறந்த நாளை அன்றைய ஆசிரியர் உத்தேசமாக எழுதினார். அதுவே இன்று அவருக்குப் பிறந்த நாள்.

காரமடை என்றால் தேர் என்பார்கள். மாசியிலே வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும், வரட்டும். மேட்டுப்பாளையத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் நம் ஊர் நிலங்களின் பதிவேட்டைக் கேட்க எத்தனை கைகள் நீண்டன? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். பஞ்சமி நிலம் பற்றிக் கேட்போர் இன்றைய பட்டாவை மட்டும் கேட்டு நின்றுவிடக்கூடாது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன குறிக்கப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டில், யார் கையொப்பத்தில் பெயர் மாறிற்று என்று கேட்க வேண்டும்.