கடையை மூடிய மாவட்டம்: சேலம் மதுவிலக்கு கற்பிக்கும் பாடம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். அன்றைய சேலம் மாவட்டம் முழுவதிலும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒன்றாயிருந்த பெருநிலப்பரப்பு அது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பொறுப்பேற்றுச் சில திங்களே ஆகியிருந்த இராஜாஜியின் அமைச்சரவை, மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த முதல் மண் நம் மண்.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழும் நாம் இந்த நாளை நினைவுகூர்வதில்லை. சாரதா கல்லூரிச் சாலையில் நடந்தால் கல்வி நிலையங்களையும் மருத்துவமனைகளையும் காண்கிறோம். உடல்நோய்க்கு மருத்துவரிடம் செல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டால், அல்லது மனம் நொந்து உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிவிட்டால், அதே சாலையில் தலைகுனிந்து நடக்கிறோம். உறவினர் கேட்டால் 'காய்ச்சல்' என்கிறோம். இந்த மௌனம் எங்கிருந்து வந்தது, இதனை உடைக்க நம் முன்னோர் என்ன முயன்றனர், எங்கே நின்றுவிட்டனர் என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

சட்டத்திற்கு முன் வந்த கல்வி

மதுவிலக்கு ஒரே நாளில் சட்டப் புத்தகத்திலிருந்து குதித்து வந்ததன்று. 1921-ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா.வின் துணைவியார் நாகம்மையாரும், தங்கை கண்ணம்மாளும் அதில் முன்னின்றனர். பெரியாரோ கள் இறக்கப் பயன்பட்ட தம் தென்னை மரங்கள் 500-ஐச் சேலம் தாதம்பட்டித் தோப்பில் வெட்டிச் சாய்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தம் வருவாயைத் தாமே வெட்டிய அச்செயல், எந்தச் சொற்பொழிவையும் விட உரக்கப் பேசியது.

சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் பணிகளாயின. அங்கிருந்துதான் 1929-இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. பின்னாளில் தமிழகம் போற்றிய எழுத்தாளர் கல்கி, அப்போது இளைஞராக அவ்விதழின் ஆசிரியப் பணியில் துணைநின்றார். கதைகளாலும் படங்களாலும் எளிய நடையாலும் குடியின் கேட்டை உணர்த்துவதே அதன் நோக்கம். உப்புப் போராட்டத்தின் புயலில் அது நின்றுபோயிற்று. சில இதழ்களே வெளிவந்தன. ஆயினும், இன்று 'நலக் கல்வி' என்று நாம் அழைக்கும் பணியை நாமக்கல் சமவெளியின் ஒரு சிற்றூரிலிருந்து தாய்மொழியில் செய்த முன்னோடி முயற்சி அது என்று துணிந்து கூறலாம்.

சட்டத்தோடு வந்த கல்வி

1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் கடைகளை மூடியதோடு நிற்கவில்லை. மாலைப் பொழுது வெறுமையாகிவிட்டால் மனிதன் பழைய வழிக்கே திரும்புவான் என்பதை ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். எனவே பசனைக் குழுக்கள், நாடகங்கள், விளையாட்டுகள் ஆகியன ஊர்தோறும் ஊக்குவிக்கப்பட்டன. பிழைப்பை இழந்த மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. கள்ளுக்கடைக்குப் போன காலும் கையும் வேறு எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை தேடிய ஆட்சி அது.

அரசுக்கு இது எளிய செயலன்று. அக்காலத்தில் மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு மதுவினால் வந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யும் வகையில்தான் 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. நாம் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் செலுத்தி வந்த விற்பனை வரியின் பிறப்பில் சேலத்தின் மூடிய கள்ளுக்கடைக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாத செய்தி.

இச்சோதனையின் விளைவுகளை அளந்தறியவும் முயன்றனர். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியரும் கேரளக் கத்தோலிக்கருமான பி. ஜே. தாமஸ் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கின் பொருளாதாரப் பயன்களை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். குடிக்குப் போன பணம் உணவுக்கும் உடைக்கும் வீட்டுத் தேவைக்கும் திரும்பத் தொடங்கியதை அவ்வாய்வு காட்டியது. வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளைக்குச் சட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒரு சட்டத்தை மதிப்பிட்ட அப்பார்வை இன்றும் நமக்கு வழிகாட்டத் தக்கது.

ஏன் நிலைக்கவில்லை?

1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், அடுத்து வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்குப் பரவியது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப்பின், 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டு, 1974-க்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டு, 1981-இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. திறப்பதும் மூடுவதுமாய்க் கதவு அசைந்துகொண்டே இருந்தது.

கள்ளச்சாராயம், கையூட்டு, வருவாய் இழப்பு என்று இதற்குப் பல காரணங்களைக் கூறுவர். அவை உண்மையே. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய காரணம் வேறொன்றும் உண்டு. கடையைப் பற்றி ஓயாமல் பேசிய நம் சமுதாயம் குடிநோயாளியைப் பற்றிப் பேசவில்லை. 'விமோசனம்' தொடங்கிய கல்விப்பணி சட்டம் வந்ததும் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுப்படுத்த இயலாமல் குடிப்பவர் தீயொழுக்கமுடையவர் என்றே கருதப்பட்டார். அவருக்கு வந்திருப்பது ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு என்னும் செய்தி ஊருக்குள் வரவேயில்லை.

அயர்லாந்தும் ஆக்ரனும்

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் கப்புச்சின் துறவியான தந்தை தியோபால்டு மேத்யூ 1838 ஏப்ரல் 10 அன்று முழு மதுத்துறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்கானோர் அவர்முன் உறுதிமொழி எடுத்தனர். ஆனால் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் நாட்டைச் சிதைத்தது. ஒருவரின் ஈர்ப்பாற்றலை நம்பி எழுந்த இயக்கமாதலால், அவர் 1856-இல் மறைந்தபின் அது தளர்ந்தது. 1898-இல் இயேசு சபைத் தந்தை ஜேம்ஸ் கல்லன் டப்ளினில் 'பயனியர்' சங்கத்தைத் தொடங்கியபோது, பெருங்கூட்டத்தை நாடாமல் நீடித்த பயிற்சியையும் சிறு குழுக்களையும் நம்பினார். அச்சங்கம் நூறாண்டைக் கடந்தும் வாழ்கிறது.

அமெரிக்காவிலும் 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1935-இல், ஆக்ரன் நகரில் குடிநோயோடு போராடிய இருவர் சந்தித்ததிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமைக் குழு பிறந்தது. குடிநோயாளிகளைப் பெரும்பாலான மருத்துவமனைகள் ஏற்க மறுத்த அக்காலத்தில், 1939-இல் அவ்வூர்ப் புனித தோமா மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டில் கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கக் கன்னியர்: அருள்சகோதரி இக்னேஷியா. சட்டத்தால் இயலாததைத் தோழமையும் மருத்துவமும் பரிவும் இணைந்து செய்தன. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோய்க்கு மருத்துவமும் குடும்பத்திற்கு அறிவுரையும் ஒருங்கே தரும் மரபைத் தமிழ் மண்ணில் ஊன்றியது.

மனநோயும் மௌனமும்

குடியைப் பற்றிய மௌனத்தை விட ஆழமானது மனநோயைப் பற்றிய மௌனம். கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கிச் சிரித்த சமுதாயம் நம்முடையது. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் அவர் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், மனச்சிதைவு நோயாளிகள் தம் இல்லத்தாரோடு வாழ்ந்தே நலம்பெற வழிகாட்டியது. மருத்துவமனைச் சுவருக்கு வெளியே குடும்பத்திற்குக் கற்பிப்பதே அந்நெறியின் உயிர்நாடி.

கற்பிக்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாத பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவர்களுள் பலர்.

திருச்சபையின் பார்வையும் வளர்ந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் மனத்துயரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று கற்பிக்கிறது. நாட்டின் சட்டமும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வழியே, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதுகிறது. சட்டங்கள் மாறிவிட்டன. கல்லறைத் தோட்டத்தில் நாம் கிசுகிசுக்கும் பேச்சு மட்டும் மாறவில்லை.

எண்கள் உரைப்பது

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களுள், நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் மருத்துவம் பெறவில்லை. 2019-இல் வெளியான மற்றொரு தேசிய ஆய்வு, குடிநோயாளிகள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுவதாகக் கூறியது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்ட நாட்டில் இந்நிலை நீடிப்பதற்கு மருத்துவர் பற்றாக்குறையோடு நம் அறியாமையும் நாணமும் காரணமாகின்றன.

2024 ஜூன் மாதம் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். கண் மங்குகிறது என்று உணர்ந்த கணமே மருத்துவமனைக்கு விரைந்தால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. காவல்துறைக்கு அஞ்சியோ, அறியாமையாலோ வீட்டில் படுத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பும் நழுவிவிடுகிறது. ஒரு சிற்றறிவு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

நாம் கற்க வேண்டியவை

எனவே, ஒவ்வொரு இல்லத்திலும் தெரிந்திருக்க வேண்டிய சில உண்மைகளை இங்கே எடுத்துரைப்பது பொருந்தும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே கோயிலில் சத்தியம் வாங்கி அறைக்குள் பூட்டிவைப்பது அன்பாயினும் ஆபத்தானது. மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மீண்டும் குடித்துவிட்டால் அது முடிவன்று. சர்க்கரை நோயைப் போலவே இதிலும் பின்னடைவு நேரும், மருத்துவம் தொடரும். மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், பதின்வயதில் தொடங்கும் பழக்கம் வேரோடிவிடுகிறது. மனச்சோர்வை மறக்கக் குடிப்பவருக்குக் குடியே மனச்சோர்வைப் பெருக்குகிறது. 'சாகப்போகிறேன்' என்று ஒருவர் கூறினால் அது மிரட்டலன்று, உதவி கேட்கும் குரல். அவரிடம் அதைப்பற்றி வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது. மாறாக, பாரம் இறங்கும்.

இவ்வுண்மைகள் சென்றடைய வேண்டிய இடங்களையும் நாம் அறிவோம். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இரவும் பகலும் ஓடும் விசைத்தறிகளின் அருகே, நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளில், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்ட ஊர் ஊராய்ச் செல்லும் தொழிலாளரிடையே, ஜவ்வரிசி ஆலைகளில், நம் பள்ளிகளின் வகுப்பறைகளில் இக்கல்வி தேவைப்படுகிறது. உறக்கமின்மையும் உடல்வலியும் குடும்பத்தைப் பிரிந்த தனிமையும் மிகுந்த இடங்களில், 'குடிக்காதே' என்ற ஒற்றைச் சொல் பயன் தராது. அந்த வலிக்கும் தனிமைக்கும் மாற்று என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1937-இல் பசனையும் பதநீரும் அந்த மாற்றாக முன்வைக்கப்பட்டன. இன்று அதற்கு ஈடாக நாம் எதை வைக்கிறோம்?

நம் அன்பியக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். திருமண முன்தயாரிப்புப் பயிற்சியில் குடிநோயையும் மனச்சோர்வையும் பற்றி ஒரு வகுப்பைச் சேர்க்கலாம். குடிநோயாளிகளின் தோழமைக் குழு கூடுவதற்குப் பங்கு வளாகத்தில் ஓர் அறையைத் திறந்துவிடலாம். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும், போதையிலிருந்து மீள விரும்புவோர்க்கு 14446 என்ற எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவ்வெண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கப் பெரும் பொருட்செலவு ஆகாது.

பரிவுள்ள சமாரியர் உவமையில், காயமுற்றவன்மீது எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்படுகின்றன. அங்கே இரசம் மருந்தாகிறது. வழியில் கிடந்தவன் ஏன் விழுந்தான், யார் குற்றம் என்று அச்சமாரியர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. காயத்தைக் கட்டினார், தங்கும் விடுதிவரை உடன் சென்றார், செலவையும் ஏற்றார். சேலம் மாவட்டம் ஒருகாலத்தில் கடையை மூடி நாட்டுக்கு வழிகாட்டியது. மூடிய கடைக்கு வெளியே விழுந்து கிடந்தவரைத் தூக்கிச்செல்லும் பணி அன்று பாதியில் நின்றது. அப்பணி நம் காலத்தில், நம் தெருக்களில், நமக்காகக் காத்திருக்கிறது.