கீபோர்டுக்குள் ஒளிந்திருக்கும் நன்னூல்

பதுளைப் பக்கம் ஏ.எல். எழுதிய ஒரு பிள்ளையிடம் என்ன பாடம் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி "ஓ, ஆர்ட்ஸா?" என்பதுதான். ஆர்ட்ஸ் படித்தால் டீச்சர் வேலை, ஐ.டி. எல்லாம் மெத்ஸ் பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் நம்ம ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் கொடுத்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஒரு மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியேதான் நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களில்தான் அரசு அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆய்வுகூடமும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களும் அதற்கும் பிந்திய கதை. பல இடங்களுக்கு இன்னும் போதுமான அளவு வரவில்லை. ஆகவே பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ ஒரு பிள்ளை ஆர்ட்ஸ் எடுப்பது எப்போதும் விருப்பத்தால் மட்டுமல்ல. எட்டுகிற தூரத்தில் இருந்தது அதுதான்.

2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அங்கே கணினி படிக்கலாம், ஆனால் கலைப்பீடம் கிடையாது. நம்ம ஊர் ஆர்ட்ஸ் பிள்ளை பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏற வேண்டும். மொழி ஒரு ஊரில், கணினி இன்னொரு ஊரில்!

ஆனால் தமிழ் கணினிக்குள் போன வரலாறு இந்தப் பிரிவினையை ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு நல்ல உதாரணம் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அவர் பொறியியலாளர் இல்லை. பள்ளி ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், பிறகு ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்த விரிவுரையாளர். மொழியிலிருந்து கணினிக்கு வந்து 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய திட்டத்தில், கணினி ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தியதிலும் முன்னின்றார். அதன் தொடர்ச்சியாக 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில்தான் 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. அதே வருடம் அவர் காலமானார்.

தமிழ்99இல் 'பந்து' என்று அடிக்க ப, ந, த, உ என்று தட்டினால் போதும். ந-வுக்குப் பின்னால் த வந்தால் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இது வேறொன்றுமில்லை, இலக்கண வகுப்பில் தூக்கத்தோடு படித்தோமே, நன்னூல் சொல்லும் இன எழுத்து. அந்த இலக்கணம்தான் விரலின் வேலையைக் குறைக்கிறது. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பொறியியலாளரும் இதைச் செய்திருக்க முடியாது.

இன்றைக்கும் தேவை குறையவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிங்கள-தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வு நடக்கிறது. அப்படியான வேலைக்கு இரண்டு மொழியின் வாக்கிய அமைப்பும் தெரிந்தவர்கள் வேண்டும். சிங்களமும் தமிழும் காதில் விழவே வளர்கிற ஊவாப் பிள்ளைகளுக்கு அது புதிதா என்ன?

ஒன்றை மறக்கக் கூடாது. கோவிந்தசாமிக்குப் பின்னால் ஒரு பணக்கார நாட்டின் பல்கலைக்கழகங்கள் இருந்தன. திறமை மட்டும் போதும் என்று தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஏ.எல். ஆர்ட்ஸில் ஐ.சி.டி.யையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் பள்ளியில் அதைத் தமிழில் படிப்பிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த விதியால் என்ன பயன்? அந்த ஆள், ஆர்ட்ஸ் படித்து, கணினியும் பழகி, ஊருக்குத் திரும்பி வருகிற ஒரு டீச்சராக இருக்கலாம். "ஆர்ட்ஸ் என்றால் டீச்சர் வேலைதான்" என்று சொல்கிறவர்களுக்கும் அது நல்ல பதிலாக இருக்கும்.