ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் கறுப்புக் குண்டு



மோட்டார் வெளியே இருக்கும் வழக்கமான பம்ப், கம்ப்ரெசர்களில், மோட்டாரின் தண்டு உள்ளே நுழைய உறையில் ஒரு துளை வேண்டும். தண்டும் சுழல வேண்டும். இடுக்கில் எதுவும் கசியவும் கூடாது. அதற்காகப் பொருத்துவதுதான் சீல். தண்ணீர் பம்பில் அது தேய்ந்தால் நாலு சொட்டு ஒழுகும், அவ்வளவுதான்.

ஆனால் 1920களின் ஃப்ரிட்ஜுகளில் ஓடியவை அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். பெர்லினில் ஃப்ரிட்ஜின் சீல் கசிந்து, குழந்தைகளோடு ஒரு குடும்பமே தூக்கத்தில் இறந்துபோனது. செய்தித்தாளில் அதைப் படித்த ஐன்ஸ்டைன் கலங்கிப்போனார். இளம் இயற்பியலர் லியோ சிலார்டுடன் சேர்ந்து மாற்று தேடினார். சீலைத் திருத்துவதைவிட, சுழலும் தண்டே இல்லாமல் செய்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. அசையும் பாகமற்ற ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். இன்னொரு வடிவத்தில், மூடிய குழாய்க்குள் திரவ உலோகத்தை மின்காந்த விசை தள்ளியது.

அவை கடைக்கு வரவில்லை. அதற்குள் நச்சில்லாத ஃப்ரியான் வந்துவிட்டது. மோட்டாரையும் கம்ப்ரெசரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யும் முறையும் பரவியது. உங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால், அடியில் இருக்கும் கறுப்புக் குண்டு அதுதான். தண்டு வெளியே வருவதே இல்லை. அடுத்த முறை வீட்டைத் துடைக்கும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இந்தக் கதையையும் சொல்லுங்கள்.