இமாலயப் பனிச்சறுக்குக் கிராமத் திட்டமும் குலுவின் தெய்வ சபையும்

இமாலயப் பனிச்சறுக்குக் கிராமம் என்பது இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், மணாலிக்கு அருகே அமைக்கத் திட்டமிடப்பட்டு, கட்டப்படாமலே நின்றுபோன சுற்றுலாக் குடியிருப்பு ஆகும். ஒரு நிலத்தின் எதிர்காலத்தை யாரிடம் கேட்டு முடிவு செய்வது என்ற கேள்வியை எழுப்பியதால், இதைப் பற்றிய விவாதம் வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

திட்டம்

ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரனும் இஸ்கான் பக்தருமான ஆல்ஃபிரட் ஃபோர்டு இதன் முதன்மை முதலீட்டாளர். ஒரகடத்துக்குப் பக்கத்திலுள்ள மறைமலைநகரில் கார் தொழிற்சாலை அமைத்த நிறுவனமும் இக்குடும்பத்தின் பெயரையே தாங்கியது. ஆனால் பனிமலைத் திட்டம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்ததன்று, தனி முயற்சி. 2005 டிசம்பரில் மாநில அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 30 கோடி அமெரிக்க டாலர் செலவில் சறுக்குத் தடங்கள், மேலே ஏற ரோப் கார், விடுதிகள், கடைகள் ஆகியவை அமையும் என்று அறிவிக்கப்பட்டது.

இரு தரப்பு

குளிர்காலத்திலும் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்று ஆதரித்தோர் கூறினர். எதிர்த்தோர் ஓடை நீர், காடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டினர். வியாபாரம் போய்விடும் என்ற அச்சம் சிறு விடுதிக்காரர்களிடம் இருந்தது. இவற்றுக்கும் மேலாக, சிகரங்கள் தெய்வங்களின் உறைவிடம் என்ற நம்பிக்கை இருந்தது.

ஜக்தி

குலுவில் ஊருக்கு ஊர் தெய்வம் உண்டு. அத்தெய்வத்தின் வாக்கைச் சொல்பவர் 'குர்' எனப்படுகிறார். நம் ஊர்ச் சாமியாடியைப் போன்றவர். பொது ஆபத்து நேரும்போது தெய்வங்களின் கருத்தை ஒன்றாகக் கேட்கும் சபைக்கு 'ஜக்தி' என்று பெயர். இது நக்கர் கோட்டையில் உள்ள ஜக்திபட் என்னும் கற்பலகையின் முன் கூடுகிறது. தெய்வங்கள் தேனீக்களாக உருமாறி அக்கல்லைச் சுமந்து வந்தன என்பது தொன்மம். 2006 பிப்ரவரியில், குலு அரச மரபினரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான மகேஷ்வர் சிங் இச்சபையைக் கூட்டினார். பல கிராமங்களின் குர்கள் கூடினர். திட்டம் வேண்டாம் என்பதே அவர்கள் சொன்ன வாக்கு.

பின்விளைவு

அந்த வாக்குக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனால் அதை மீறிப் பேச அரசியல்வாதிகள் தயங்கினர். வழக்கு இமாச்சல உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2007 டிசம்பரில் மாநில ஆட்சியும் மாறியது. திட்டம் எழவேயில்லை. அதனால் மணாலியில் வளர்ச்சிப் பணிகள் நின்றுவிட்டன என்று சொல்ல முடியாது. 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது.

ஒப்பீடு

2013இல் ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 12 கிராம சபைகளிடம் கேட்கப்பட்டது. பன்னிரண்டும் மறுத்தன. அங்கே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணை நின்றது.

பிள்ளைப்பாக்கம் உள்ளிட்ட நம் தொழிற்பூங்காப் பகுதியில் நிலைமை வேறு. தொழிற்சாலைகளுக்குத் தனியார் நிலம் எடுக்க வகைசெய்யும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், நில உரிமையாளருக்கும், நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர் என்று அரசு கருதும் பிறருக்கும் அறிவிப்பு அனுப்பி ஆட்சேபம் கேட்கிறது. கிராம சபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டபின் ஏகனாபுரம் கிராம சபை பலமுறை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் 2025 ஏப்ரலில் திட்டத்துக்கு மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது.

தொழிற்சாலைகளால் வேலை வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டாவில் இருப்பது நில உரிமையாளரின் பெயர். ஆடு மேய்த்தவர், குத்தகைக்குப் பயிரிட்டவர், நாற்று நட்டுக் கூலி வாங்கியவர் ஆகியோரின் பெயர் எந்தப் பட்டாவிலும் இராது. நக்கரில் கேட்கப்பட்டது ஊர்த் தெய்வத்தின் வாக்கு. அது பட்டாவைப் பார்த்துக் கேட்கப்பட்டதன்று. தெய்வ வாக்கை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எல்லோரிடமும் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதே அந்த விவாதம் விட்டுச்சென்ற பாடம். நம்மிடம் அதற்கு உள்ள இடம் கிராம சபை.