பைண்டு கட்டில் இல்லாத தாள்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தபோது, மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் நந்தினியையும் பழைய பேப்பர்காரரிடமிருந்து காப்பாற்றத் தமிழ் வீடுகள் ஒரு வழி வைத்திருந்தன. கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கிவிடுவார்கள். பழைய கதை ஓவியங்கள் இத்தனை மிஞ்சியிருப்பதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம். அட்டைப் படங்கள் அரிதாகிப் போனதற்கும் இதையே காரணம் சொல்வேன். தொடர்கதையைத் தொகுப்பவருக்கு அட்டை என்பது குறுக்கே வரும் தாள்தானே! 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையின் பைண்டு கட்டைப் பிரித்தால் ஓவியர் கோபுலுவின் சிக்கல் சண்முகசுந்தரம் நாயனமும் கையுமாக நிற்பார். அதே கோபுலு ஆனந்த விகடன் அட்டைக்குப் போட்ட சிரிப்புப் படங்களை அதில் தேடிப் பயனில்லை. இழப்பு சின்னதல்ல. உள்ளே இருந்த ஓவியம் சோழர் காலத்தையோ தஞ்சாவூர்க் கச்சேரியையோ கற்பனையில் காட்டியது. அட்டை ஜோக்கோ அந்த வாரத்து மனிதரை, அவர் வீட்டு நாற்காலியோடும் மனைவியின் புடவைக் கட்டோடும் காட்டியது. கடையில் தொங்கும் இதழைப் பார்த்து வழியில் போகிறவர் எதற்காக நிற்பார் என்று பத்திரிகை போட்ட கணக்கும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

பைண்டு செய்தவர்களைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று ஒருவர் சொல்லலாம். அவர்கள் இல்லாவிட்டால் எல்லாமே எடைக்குப் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேறு மாதிரிச் சேர்த்தவரும் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், இதழ்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று பிறர் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். எது பிற்காலத்துக்கு வேண்டியது என்பதை அவர் தம் ரசனையைக் கொண்டு முடிவுசெய்யவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் காகிதம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. படிப்பதற்கு ஸ்கேன் போதும். பழுப்பேறி நொறுங்கும் தாளை அடிக்கடி புரட்டாமலிருக்க அது தேவையும்கூட. ஆனால் பிளாக் அச்சில் ஒரு வண்ணம் மற்றொன்றைவிட்டு மயிரிழை விலகியிருப்பதும் தாளின் கனமும் நேரில் பார்த்தால்தான் பிடிபடும். என் கவலை வேறு இடத்தில். இப்போது அட்டையை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டுவது ஒரு மோகமாகி வருகிறது. தீபாவளி மலரின் சாமிப் படத்தை வெட்டிப் பூஜையறையில் மாட்டியவர்களுக்காவது பக்தி என்ற சமாதானம் இருந்தது. அன்று கதைக்காக அட்டையைக் கழித்தார்கள். இன்று அட்டைக்காகக் கதையையும் பின்பக்கத்து விளம்பரத்தையும் கழிக்கிறார்கள். பரணில் முழு இதழ் ஒன்று அகப்பட்டால், துருவேறிய பின்னை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டு, மற்றதை இருந்தபடியே வையுங்கள்.