திரித்துவமும் சச்சிதானந்தமும்

கிறித்தவத்தின் திரித்துவக் கோட்பாட்டைச் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் இந்திய மெய்யியற் கருத்துகளின் வழியே விளக்கும் முயற்சி சச்சிதானந்த விளக்கம் எனப்படுகிறது. இதன்படி தந்தையாகிய கடவுள் சத்து (இருப்பு), மகன் சித்து (அறிவு), தூய ஆவி ஆனந்தம் ஆவர். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் தோன்றிய இவ்விளக்கம், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் ஆசிரமம் அமைத்த பிரெஞ்சுக் குருக்கள் இருவரின் வாழ்வில் கடுமையான சோதனைக்கு உள்ளானது.

கோட்பாடு

கடவுள் ஒருவரே, எனினும் அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாய் இருக்கிறார் என்பதே திரித்துவக் கோட்பாடு ஆகும். 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டினோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் இதற்கு வடிவம் தந்தன. தமிழில் இது மூவொருமை எனவும், பழைய கத்தோலிக்க வழக்கில் தமதிரித்துவம் எனவும் வழங்கும்.

இதனை எளிமைப்படுத்தச் சொல்லப்படும் உவமைகள் பலவும் தவறான பொருளையே தருகின்றன. ஒரே மனிதர் தந்தையாகவும் மகனாகவும் கணவனாகவும் இருப்பதைப் போன்றது என்பது அடிக்கடி கேட்கப்படும் விளக்கம். ஆனால் ஒருவரே மூன்று வேடங்களில் தோன்றுகிறார் என்னும் இக்கருத்து, 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுசின் பெயரால் அறியப்பட்டுத் திருச்சபையால் மறுக்கப்பட்ட ஒன்றாகும். நீர், பனிக்கட்டி, நீராவி என்னும் உவமையும் அவ்வாறே. மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. பிரமன், திருமால், உருத்திரன் ஆகியோர் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களால் வேறுபடுத்தப்படுகின்றனர். திரித்துவத்திலோ உலகைக் குறித்த செயல்கள் அனைத்தும் மூவர்க்கும் பொது. தந்தை பிறப்பிக்கிறார், மகன் பிறக்கிறார், ஆவி புறப்படுகிறார் என்னும் உறவுகளால் மட்டுமே அவர்கள் வேறுபடுகின்றனர். சச்சிதானந்த விளக்கத்தின் வலிமையையும் குறையையும் அறிய இந்த உறவு என்னும் சொல்லை நினைவில் கொள்ளவேண்டும்.

தோற்றம்

பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சென் 1882இல் திரித்துவம் பற்றி ஆற்றிய உரையில் இவ்வொப்புமையை எடுத்துரைத்தார். 1891இல் கிறித்தவரான பிரம்மபாந்தவ் உபாத்யாய (1861–1907), சச்சிதானந்தத்தைப் போற்றும் சமற்கிருதத் துதிப்பாடல் ஒன்றை இயற்றி 1898இல் வெளியிட்டார். யோவான் நற்செய்தி மகனை 'வாக்கு' என்கிறது. தந்தை தம்மைத் தாமே அறியும் அறிவே அவ்வாக்கு எனக் கொண்டால், அதனைச் சித்து என்பது வலிந்த பொருத்தம் அன்று.

சாந்திவனம்

ஜூல் மோன்ஷானன் (1895–1957) 1939இல் தமிழ்நாட்டிற்கு வந்து திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் பங்குப்பணி ஆற்றினார். பெனடிக்டின் சபைத் துறவி ஆன்றி லெ சோ (1910–1973) 1948இல் அவரோடு இணைந்தார். இருவரும் 1950இல் காவிரிக் கரையில் நிறுவிய ஆசிரமத்திற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர்; சாந்திவனம் என்பதே பரவலாக அறியப்பட்ட பெயர். காவியுடுத்திய இவர்கள் முறையே பரம அரூபி ஆனந்தர், அபிஷிக்தானந்தர் என்னும் பெயர்களை ஏற்றனர்.

இவ்வாசிரமக் கோயிலின் கோபுரத்தில் திரித்துவம் மும்முக உருவமாக, மும்மூர்த்தி வடிவில் காட்டப்பட்டுள்ளது. மும்முகத் திரித்துவ ஓவியங்களைத் திருத்தந்தை எட்டாம் உர்பான் 1628இல் தடைசெய்திருந்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது. ஐரோப்பாவில் விலக்கப்பட்ட வடிவம், மேலே கூறிய குழப்பத்துக்கு மிகுதியும் இடமுள்ள நாட்டில் மீண்டும் தோன்றியது வியப்பே.

அருணாசலம்

1949 சனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிசியைக் கண்டனர். அச்சந்திப்பு லெ சோவை விட்டு நீங்கவில்லை. மகரிசியின் மறைவுக்குப் பின், 1952 முதல் சில ஆண்டுகள் அவர் அருணாசல மலைக் குகைகளில் அவ்வப்போது தங்கி மௌனத்தில் வாழ்ந்தார். 1955இல் திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தரைச் சந்தித்துக் குருவாக ஏற்றார்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. அத்வைதத்தில் சத்தும் சித்தும் ஆனந்தமும் பிரம்மத்தின் ஒரே இயல்பு. அவை ஒன்றையொன்று நேசிக்கும் மூவர் அல்லர். சித்து சத்தை நோக்கிச் செபிப்பதில்லை. நற்செய்தியில் இயேசுவோ தந்தையை 'அப்பா' என அழைத்துச் செபிக்கிறார். "நான் யார்" என வினவி இரண்டற்ற நிலையில் கரைபவருக்கு, "நீர்" என விளிக்க எவர் எஞ்சுவார்? இவ்வினா மோன்ஷானனை அத்வைதத்திலிருந்து விலகச் செய்தது. அதையும் திரித்துவத்தையும் இணைக்க இயலுமா என அவர் இறுதிக் காலத்தில் ஐயுற்றார். லெ சோ எதிர்த்திசையில் சென்றார். அத்வைத அனுபவத்தின் ஆழத்திலேயே தந்தை–மகன் உறவு வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. இதனை விளக்கும் அவரது நூல் பிரெஞ்சு மொழியில் 1965இலும், திருத்திய ஆங்கிலப் பதிப்பாகச் 'சச்சிதானந்தா' என்னும் பெயரில் 1974இலும் வெளிவந்தது. பின்னாளில் அந்நூலின் கோட்பாட்டு விளக்கங்கள் அவருக்கே நிறைவளிக்கவில்லை. 1986இல் பிரெஞ்சில் வெளியான அவரது நாட்குறிப்புகள் இந்த உள்போராட்டத்தை அந்நூலைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன.

திறனாய்வு

இவ்விளக்கம் சமற்கிருத, வேதாந்த மரபை மட்டும் இந்திய மரபாகக் கொள்கிறது என்பது 1980களில் வளர்ந்த தலித் இறையியலாளர் முன்வைக்கும் குறை. தமிழகத்தில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இறைவனுக்கும் உயிருக்கும் இடையிலான அன்புறவைப் பேசும் பக்தி மரபும் சைவ சித்தாந்தமும் இங்கேயே இருந்தன.

1968இல் சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்று 1993இல் மறையும்வரை அங்கு வாழ்ந்த பீட் கிரிஃபித்ஸ், சச்சிதானந்தம் என்னும் சொல்லைக் கைவிடவில்லை. ஆனால் திரித்துவத்தின் தனித்தன்மை, ஒன்றாதலில் அன்றி ஒருவரோடொருவர் கொள்ளும் அன்பின் ஒன்றிப்பில் உள்ளது என அவர் வலியுறுத்தினார்.